கையில் 500 ரூபாய். வீட்டில் புது அழகு!

கடன் வாங்காமல் வீட்டை அலங்கரிக்க எளிய வழிகள்

வீடு அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசை மாளிகையில் வசிப்பவர்களுக்கு மட்டும் சொந்தமானது அல்ல. ஒரே அறையில் ஐந்து பேர் குடியிருக்கும் குடும்பத்துக்கும் அந்த ஆசை உண்டு. இருக்கத்தான் வேண்டும்.

ஆனால், அழகு என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது கடை! கண்ணாடி அலமாரி, பளபளக்கும் திரைச் சீலை, மெத்தை வைத்த சோபா. விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. "ரொக்கம் வேண்டாம், மாதா மாதம் கட்டினால் போதும்" என்கிறார் கடைக்காரர். அந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் வழுக்கி விழுகின்றன.

தவணையில் வாங்கிய சோபா ஓர் ஆண்டில் பழசாகி விடுகிறது. தவணை மட்டும் பழசாவதில்லை! முதல் தேதி பிறந்ததும் புதிதாக வந்து நிற்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து வாங்கப் பணம் இல்லை. பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட இன்னொரு கடன். வீட்டுக்கு அழகு சேர்க்கப் போய், வீட்டின் நிம்மதி போய் விடுகிறது.

அப்படியானால் ஆசையை விட்டு விட வேண்டுமா? வேண்டாம். பள்ளிக்கூடத்தில் படிக்கும் பெண், "அம்மா, என் சிநேகிதிகளை நம்ம வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வர வேண்டாம்மா, சுவரெல்லாம் ஒரே அழுக்கா இருக்கு" என்று சொன்னால், எந்தத் தாயின் மனம் வாடாமல் இருக்கும்?

இதற்கு வழி இருக்கிறது. 500 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள். அதற்கு மேல் ஒரு காசும் எடுப்பதில்லை என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். மீதியை உங்கள் கைகள் பார்த்துக் கொள்ளும்.

முதல் வேலை: கழிப்பது!

அலங்காரம் என்பது சாமான்களைச் சேர்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். சிறிய வீட்டில் முதல் அலங்காரம், சாமான்களைக் குறைப்பதுதான். அதற்குச் செலவே இல்லை.

வீட்டில் உள்ள எல்லாப் பொருள்களையும் ஒரு நாள் வெளியே எடுத்து வையுங்கள். ஓராண்டாகக் கை படாத சாமான் எது? கைப்பிடி உடைந்த வாளி, ஓடாத கடிகாரம், மூடி இல்லாத டப்பா, கட்டுக் கட்டாகப் பழைய காகிதம். காகிதத்தையும் பழைய பருத்திப் புடவைகளையும் மட்டும் தனியே வையுங்கள். அவற்றுக்கு வேலை இருக்கிறது. மற்றதைப் பழைய சாமான் கடையில் போடுங்கள். கிடைக்கும் பணத்தை 500 ரூபாயோடு சேர்த்துக் கொள்ளுங்கள்.

அடுத்தது, ஜன்னல். ஜன்னல் ஓரத்தில் அடுக்கியிருக்கும் பெட்டிகளை எடுத்து விடுங்கள். கண்ணாடியைத் துடையுங்கள். வெளிச்சம் உள்ளே வந்தாலே அறை பெரிதாகத் தோன்றும்.

சுவருக்கு வெள்ளை

சுவர் வெளுத்தால் வீடே வெளுக்கும். சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தால், மறுபடி சுண்ணாம்பு அடிப்பதே மலிவு. வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி விடுங்கள். பெரும்பாலும் யாரும் மறுக்க மாட்டார்கள். அவர் வீட்டுக்குத்தானே வெள்ளை அடிக்கிறீர்கள்!

நீற்றிய சுண்ணாம்பாகப் பார்த்து வாங்குங்கள். இரவே தண்ணீரில் கரைத்து வைத்து, காலையில் பழைய துணியில் வடிகட்டுங்கள். அதோடு கொஞ்சம் சோற்றுக் கஞ்சியும் ஒரு கைப்பிடி உப்பும் சேர்த்தால் சுண்ணாம்பு சுவரில் நன்றாகப் பிடிக்கும். துணிக்குப் போடும் நீலத்தில் சில சொட்டு விட்டால் வெள்ளை பளிச்சென்று இருக்கும்.

சுவரைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பிறகு மட்டையால் அடியுங்கள். அடித்தவுடன் தண்ணீர் போலத் தெரியும். பயப்பட வேண்டாம். காயக் காய வெளுக்கும். காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துக் கொண்டு சுண்ணாம்பு கெட்டிப்படுவதே இதற்குக் காரணம். கெட்டியாக ஒரு தடவை அடிப்பதைவிட, நீர்க்க இரண்டு தடவை அடிப்பது நல்லது. கெட்டியாக அடித்தால் உதிரும்.

பெயின்ட் அடித்த சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது. அதைச் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தாலே போதும்.

தரையோரமாக நான்கு விரற்கடை அகலத்துக்குக் காவிப் பட்டை அடித்தால், வெள்ளைச் சுவருக்குக் கரை கட்டியது போல இருக்கும். நூலை இழுத்துப் பிடித்துக் கோடு போட்டுக் கொண்டால் பட்டை நெளியாது.

மண்ணில் தோன்றிய அழகு

சுவருக்கு அழகு செய்ய விலை உயர்ந்த பொருள் தேவையில்லை என்பதற்கு ஒரு சாட்சி, மகாராஷ்டிரத்தில் வார்தாவுக்கு அருகில் உள்ள சேவாகிராமம். 1936-ல் காந்தியடிகள் அங்கே குடியேறினார். அவர் வாழ்ந்த குடிசையின் மண் சுவரில் மரங்களையும் ராட்டையையும் மண்ணாலேயே புடைப்புச் சித்திரமாகச் செய்தவர், அவருடைய சிஷ்யை மீராபென். சுவரும் மண், சித்திரமும் மண்! இன்றும் அங்கே போகிறவர்கள் அதை நின்று பார்க்கிறார்கள்.

சுவரில் போட்ட சித்திரம் சோறு போட்ட கதையும் உண்டு. பீகாரில் மதுபானி வட்டாரத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் மண் சுவர்களில் சித்திரம் எழுதி வந்தார்கள். 1966-67-ல் அங்கே கடும் வறட்சி. வயல் காய்ந்தது. அப்போது அகில இந்தியக் கைவினை வாரியம் அந்தப் பெண்களிடம் காகிதம் கொடுத்து, சுவரில் எழுதுவதைக் காகிதத்தில் எழுதித் தரச் சொன்னது. எழுதிக் கொடுத்தார்கள். விற்றது. வீட்டுச் சுவரை அழகு செய்த கை, குடும்பத்தைக் காப்பாற்றியது. அவர்களில் ஒருவரான ஜகதம்பா தேவிக்கு 1975-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நம் வீட்டில் கோலம் போடும் கையும் அப்படிப்பட்ட கைதான். அதைக் கைவேலை என்று நாம் எண்ணுவதில்லை, அவ்வளவுதான்!

பழைய புடவை, புதிய திரை

ஒரு புடவையின் நீளம் 5½ மீட்டர். அதாவது சுமார் 18 அடி. அகலம் சுமார் 45 அங்குலம். இதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம்.

திரை சுருக்கம் விழுந்து அழகாகத் தொங்க வேண்டுமானால், ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு பங்கு துணி வேண்டும். 3 அடி அகல ஜன்னலுக்கு 6 அடி. ஆகவே ஒரு புடவையில் மூன்று ஜன்னல்களுக்குத் திரை தைக்கலாம். மேலே கயிறு நுழைய இரண்டு அங்குலம் மடித்துத் தையுங்கள். கீழே புடவையின் கரை வரும்படி விட்டு விட்டால், அதுவே அலங்காரம். 40 அங்குல உயரம் வரை உள்ள ஜன்னலுக்கு இது சரியாக இருக்கும்.

தையல் இயந்திரம் இல்லையா? கையால் ஓட்டுத் தையல் போட்டாலே போதும். ஆணி அடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால், ஜன்னல் கம்பியிலேயே கயிறு கட்டுங்கள்.

நைந்த இடம் உள்ள புடவையைத் திரைக்கு எடுக்காதீர்கள். தைக்கும்போதே கிழியும். அதற்கு வேறு வேலை இருக்கிறது.

இன்னொரு யோசனை. ஒரே அறையுள்ள வீட்டில் ஒரு மூலையைப் புடவைத் திரையால் மறைத்து விடுங்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அது தனி அறை! ஒரு பலகை, ஒரு பாய், ஒரு விளக்கு. "இது உன் இடம்" என்று சொல்லிப் பாருங்கள். அந்த மூலையைப் பிள்ளையே பெருக்கித் துடைத்து வைத்துக் கொள்ளும்.

ஜடை பின்னத் தெரிந்தால் போதும்!

நைந்த புடவை, பழைய வேட்டி, பழைய பனியன் எல்லாம் மிதியடி விரிப்பு ஆகும். இதற்கு ஜடை பின்னத் தெரிந்தால் போதும்.

துணியை இரண்டு அங்குல அகலத்துக்கு நீள நீளமாகக் கிழித்துக் கொள்ளுங்கள். மூன்று துண்டுகளின் நுனியைச் சேர்த்து முடிச்சுப் போட்டு, ஜன்னல் கம்பியில் மாட்டிக் கொண்டு ஜடை போலப் பின்னுங்கள். துண்டு முடியும் இடத்தில் அடுத்த துண்டைத் தைத்துச் சேருங்கள். மூன்று துண்டுகளும் ஒரே இடத்தில் முடியாமல், ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருக்கட்டும். அப்போது ஒட்டுகள் ஒரே இடத்தில் சேர்ந்து முண்டு விழாது.

பின்னல் நீளமானதும் தரையில் வைத்து, பாம்பு சுருண்டது போலச் சுற்றிக் கொண்டே, ஒரு சுற்றை அடுத்த சுற்றோடு தடித்த நூலால் தையுங்கள். மடியில் வைத்துத் தைத்தால் விரிப்பு கிண்ணம் போலக் குழிந்து விடும். தரையில் வைத்தே தைக்க வேண்டும். இதுதான் இந்த வேலையின் ரகசியம்!

வெள்ளை ஒரு சுற்று, சிவப்பு ஒரு சுற்று என்று மாற்றிப் போட்டால் பார்ப்பவர்கள் கடையில் வாங்கியது என்றே எண்ணுவார்கள்.

குப்பைக் காகிதத்தில் கூடை

முறத்தின் இடுக்குகளை அடைக்கக் காகிதக் கூழும் வெந்தயமும் அரைத்து மெழுகுவார்கள் நம் பாட்டிமார்கள். அதே கூழில் கூடையும் செய்வார்கள். அந்த வேலை இன்று பல வீடுகளில் மறந்து போய் விட்டது.

பழைய செய்தித்தாளைச் சிறு சிறு துண்டாகக் கிழித்துத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். நாள்தோறும் தண்ணீரை மாற்றுங்கள். மூன்று நாளில் காகிதம் நன்றாக ஊறி விடும். ஒரு கைப்பிடி வெந்தயத்தைத் தனியாக ஊற வைத்து, காகிதத்தைப் பிழிந்து எடுத்து, இரண்டையும் சேர்த்து அரையுங்கள். வெந்தயத்தின் வழவழப்புதான் பசை.

ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, அதன் மேல் ஈரத் துணியைப் போர்த்துங்கள். கூழை அரை அங்குல கனத்துக்குச் சீராக அப்பி, வெயிலில் வையுங்கள். மேலே காய்ந்ததும் பாத்திரத்தை உருவி விட்டு, உள்ளேயும் காய விடுங்கள். வெயிலைப் பொறுத்து நான்கைந்து நாள் ஆகும். வாய் குறுகிய பாத்திரத்தை எடுக்காதீர்கள். பிறகு உருவ முடியாது.

காய்ந்த கூடைக்குக் காவி பூசி, அதன் மேல் வெள்ளைக் கோலம் போடுங்கள். நூல் கண்டு, சீப்பு, பிள்ளைகளின் பென்சில் எல்லாம் வைக்கலாம். தண்ணீர் பட்டால் கரைந்து விடும். அச்சு மை கலந்தது என்பதால் தின்பண்டமும் வைக்கக் கூடாது.

வளையலும் வண்ண நூலும்

பெண் குழந்தை உள்ள வீட்டில் சிறுத்துப் போன வளையல்களுக்குக் குறைவு இருக்காது. மூன்று வளையல்களைச் சேர்த்துப் பிடித்து, மிச்சமான கம்பளி நூலைச் சுற்றுங்கள். இப்படி ஏழெட்டு வளையங்கள் செய்து ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டித் தொங்க விட்டால், நிலைப்படிக்குத் தோரணம் ஆயிற்று. தைக்கத் தெரியாத குழந்தைகூட இதைச் செய்யும்.

உடைந்த வளையலைக்கூட வீணாக்காத ஒரு மனிதர் சண்டிகாரில் இருந்தார். அவர் பெயர் நேக் சந்த். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். 1957-ல் ஊருக்கு வெளியே ஒரு காட்டுப் பகுதியில், யாருக்கும் தெரியாமல் ஒரு தோட்டம் அமைக்கத் தொடங்கினார். உடைந்த வளையல், உடைந்த பீங்கான், உடைந்த ஓடு இவைதான் அவருடைய சாமான்கள். அவற்றைப் பதித்து மனிதர்கள், மயில்கள், குதிரைகள் என்று உருவங்கள் செய்து வரிசை வரிசையாக நிறுத்தினார். பல ஆண்டு கழித்துத்தான் அரசாங்கத்துக்குத் தெரிந்தது. இடிக்கவில்லை! 1976-ல் அதைப் பொது மக்கள் பார்க்கத் திறந்து விட்டார்கள். 1984-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது. 2015-ல் அவர் காலமானார். அவர் உண்டாக்கிய தோட்டத்தைப் பார்க்க இன்றும் ஜனங்கள் வருகிறார்கள்.

குழந்தைகள் கையில் மட்டும் உடைந்த கண்ணாடியைக் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு முழு வளையல் போதும்.

சுவரில் என்ன மாட்டலாம்?

பல வீடுகளில் சுவரே தெரியாமல் காலண்டர்கள் தொங்கும். போன வருஷத்துக் காலண்டர், அதற்கு முந்திய வருஷத்துக் காலண்டர்! படம் நன்றாக இருக்கிறது என்று எடுக்க மனம் வராது. ஒரு சுவருக்கு ஒரு படம் என்று வைத்துக் கொள்ளுங்கள். பிடித்த படத்தை அளவாக வெட்டி, கெட்டி அட்டையில் ஒட்டி, ஓரத்தில் புடவைக் கரையை ஒட்டினால் சட்டம் போட்டது போல இருக்கும்.

மைதா மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் பசை தயார். அதில் மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அரிக்காது என்பார்கள். ஆனால், மயில்துத்தம் விஷம். குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம். பசையை அன்றன்றைக்குக் காய்ச்சிக் கொள்ளுங்கள்.

ஓர் இடத்தை மட்டும் பிள்ளைகளுக்காக விடுங்கள். பிள்ளை வரைந்த படத்தை அங்கே மாட்டுங்கள். மாதம் ஒரு முறை புதுப் படம். அப்பாவும் அம்மாவும் தன் படத்தைச் சுவரில் மாட்டினார்கள் என்ற பெருமை, அந்தப் பிள்ளைக்குப் பல நாள் இருக்கும்.

இவற்றில் கவனம் தேவை!

சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கண்ணுக்கே ஆபத்து. அடிக்கும்போது குழந்தைகளை அக்கம்பக்கத்து வீட்டில் விட்டு விடுங்கள். தவறிப் பட்டு விட்டால், உடனே நல்ல தண்ணீரால் வெகு நேரம் கழுவி, தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். நீற்றாத சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் கொதிக்கும். அதை வீட்டில் நீற்ற வேண்டாம்.

பழைய பெயின்ட் டப்பா கிடைத்தால், மலிவு என்று வாங்காதீர்கள். ஈயம் கலந்த பெயின்ட் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். வீட்டுப் பெயின்ட்டில் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கொடி வளர்ப்பது அழகுதான். ஆனால், டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும். வாரம் இரண்டு முறை தண்ணீரைக் கொட்டி, பாட்டிலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

துணித் திரையும் காகிதத் தோரணமும் அடுப்புக்கும் விளக்குக்கும் அருகில் வேண்டவே வேண்டாம்.

செலவுக் கணக்கு

எழுதிக் கொள்ளுங்கள்: சுண்ணாம்பு, மட்டை, நீலம், காவி, தையல் நூல், ஊசி, கயிறு, வெந்தயம், மைதா, கோலமாவு. இவ்வளவுதான் கடையில் வாங்க வேண்டியவை. மற்றவை எல்லாம் வீட்டில் இருப்பவை.

விலை ஊருக்கு ஊர் மாறும். கடைக்குப் போகும் முன் பட்டியல் போட்டு விலையை விசாரியுங்கள். 500 ரூபாய்க்கு மேல் போகிறதா? பட்டியலின் கடைசிப் பொருளை அடித்து விடுங்கள். அதை அடுத்த மாதம் பார்த்துக் கொள்ளலாம். மட்டையைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கலாம். உங்கள் நூலில் மிச்சமானதை அவர்களுக்குக் கொடுக்கலாம்.

எல்லா வேலைகளையும் ஒரே நாளில் செய்ய நினைக்காதீர்கள். அலுத்துப் போகும். இந்த வாரம் கழிப்பது. அடுத்த வாரம் வெள்ளை. அதற்கடுத்த வாரம் திரை. விரிப்பும் கூடையும் மாலை நேர வேலைகள். அம்மா தைக்கட்டும். அப்பா மட்டை பிடிக்கட்டும். பாட்டி கூழ் அரைக்கும் பக்குவம் சொல்லட்டும். பிள்ளைகள் காகிதம் கிழிக்கட்டும். அதற்கு அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம்!

வாடகை வீட்டுக்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். வீடு மாறினால் சுண்ணாம்பு மட்டும்தான் அங்கேயே தங்கும். திரையும் விரிப்பும் கூடையும் தோரணமும் உங்களோடு வண்டி ஏறும். புது வீட்டில் அவற்றைப் போட்ட மறு நிமிஷமே, அது உங்கள் வீடாகி விடும்.

தவணைச் சீட்டு இல்லாத வீடு, வெளுத்த சுவர், தானே செய்த தோரணம். இனி அந்தப் பெண் சிநேகிதிகளை அழைத்து வரத் தயங்க மாட்டாள். "இந்தத் தோரணம் நான் செஞ்சது" என்று காட்டவே அழைத்து வருவாள்.

 சாப்பாடு ஆனதும் ஜன்னல் ஓரத்துப் பெட்டிகளை எடுத்து விட்டு, கண்ணாடியைத் துடையுங்கள். அதற்கு ஒரு காசும் செலவில்லை!